ஆர்டிஸ் வீட்டுக்கு வந்தவர் நட்ட வேலி

"அந்தம்மா நிஜமாவே நல்லவங்களா, இல்ல சம்பளம் கொடுக்காம வேலை வாங்கத்தான் இப்படி ஊர் பேர் தெரியாதவங்களைக் கூட்டி வச்சிருக்காங்களா?"

போன வருடம் மே மாதம், எங்கள் ஊர் பெட்ரோல் பங்கில் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். காரின் பின்சீட்டை அடைத்துக்கொண்டு ஒரு கருவிப் பெட்டி. ஆர்டிஸ் நிகார்ட் பண்ணைக்கு வழி கேட்டவர், வழியைச் சொன்னதும் இதையும் கேட்டுவிட்டார். பிறந்ததிலிருந்து ஆர்டிஸுக்குப் பக்கத்து நிலத்துக்காரர்கள் நாங்கள். பள்ளி முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது, இந்த ஊரை விட்டு எங்கே போகலாம் என்பதே அப்போது என் யோசனை. இங்கே இருப்பவர்களைப் பற்றி நான் அதிகம் யோசித்ததில்லை. "சாப்பாடு நல்லா இருக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

விஸ்கான்சினின் மேற்கு மூலையில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் நிலம் எங்களுடையது. ஆர்டிஸுக்கு அறுபத்து மூன்று வயது. அவரும் கணவர் லோரனும் இருபத்திரண்டு ஜெர்சி மாடுகளும் ஒரு காய்கறித் தோட்டமும் வைத்திருக்கிறார்கள். ரசாயனம் படாத நிலம் என்று இயற்கை விவசாயச் சான்று வாங்கிய பண்ணை அது. அந்தச் சான்று இருப்பதால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் பால் லாரி அவர்களுடைய மண் பாதையில் ஏறி வருகிறது. சான்று போனால் லாரி வராது. இருபத்திரண்டு மாட்டின் பாலைச் சாதாரணப் பாலாக விற்று இந்தச் சரிவுகளில் யாரும் பிழைத்ததில்லை. முயன்றவர்களின் கொட்டகைகள் சாலை ஓரமாகக் காலியாக நிற்கின்றன.

லோரனுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை நடந்த வருடத்தில்தான் ஆர்டிஸ் தன்னார்வலர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். பிள்ளைகள் இருவரும் மினியாபொலிஸில் வேலையோடு இருந்துவிட்டார்கள். பதினொரு வருடங்களில் நூறு பேருக்கு மேல் வந்து போயிருப்பார்கள். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு. அதற்கு அரை நாள் வேலை. பால் அறைக்கு மேலே ஓர் அறை, விறகு அடுப்போடு. மதியம் பன்னிரண்டுக்கு ஆர்டிஸ் வாசலில் நின்று மணி அடிப்பார். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட யாரையும் வேலை செய்ய விடமாட்டார்.

"மணி அடிச்சாச்சு, கையில இருக்கிறதைக் கீழ வைங்க. மாட்டைப் பிடிச்சிருந்தா மட்டும் விட்ராதீங்க."

வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு மாட்டைப் பொறுப்பாகக் கொடுப்பது அவர் வழக்கம். 'இது உன் மாடு, இதைத் தெரிஞ்சுக்கோ, மத்ததெல்லாம் தானா தெரியும்' என்பார். முதல் வாரத்தில் ஒருநாள் அவர்கள் ஊர்ச் சாப்பாட்டை அவர்களே சமைக்க வேண்டும். எப்படி வந்தாலும் வீடு முழுக்க அதையே சாப்பிடும். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒருவர் ஓட்ஸ் கஞ்சியைத் தீய்த்துவிட்டபோது, லோரன் வாயைத் திறக்காமல் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். சமையலறை அலமாரியில் ஒரு நோட்டு உண்டு. வந்தவர்களுக்கு எது பிடிக்கும், எதற்குப் பயம் என்று அதில் ஆர்டிஸ் எழுதி வைப்பார். இடிக்குப் பயப்படுகிறவர்களுக்கு, மழை வரும் போலிருந்தால் வீட்டுக்குள்ளேயே கட்டில் போட்டுத் தருவார். எதற்கு என்று சொல்லமாட்டார்.

என் அப்பா க்ளென் இதையெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கிண்டல் செய்துகொண்டே இருப்பார். நாங்கள் இயற்கை விவசாயம் செய்வதில்லை. எங்கள் மக்காச்சோளத்துக்கு மருந்து அடிப்போம்.

"ஆர்டிஸ், உன் சத்திரத்துல இன்னிக்கு எந்த நாட்டுக் கொடி பறக்குது?"

"உனக்கும் ஒரு கட்டில் காலியா இருக்கு க்ளென். ஆனா காலைல நாலரைக்கு எந்திரிக்கணும். அதான் யோசிக்கிறேன்."

பெட்ரோல் பங்கில் நான் பார்த்தவர் பெயர் ருடெல் ஹாஸ்கின்ஸ். வயது ஐம்பத்தெட்டு. டொலீடோ நகரத்தில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை என்று கிளம்பி வந்திருந்தார். ஆர்டிஸ் அவருக்குக் கொடுத்த மாடு பிக்கிள்ஸ். வேலியைக் கண்டாலே கழுத்தை நுழைக்கும் மாடு. நோட்டில் அவர் பெயருக்கு நேராக 'கோழி' என்று எழுதியிருந்தது.

"முப்பது வருஷம் பஸ்ஸுல எல்லா மாதிரி ஆளையும் பாத்திருக்கேன், மிஸ் ஆர்டிஸ். ஆனா இந்தக் கோழி மாதிரி மொறைச்சுப் பாக்கற கிராக்கி ஒருத்தர்கூட ஏறினதில்ல."

"அதுக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு ருடெல். பிடிக்காதவங்களை அது பாக்காது, கொத்தும்."

ஒரு மாதத்தில் ருடெல் கொட்டகைக் கதவைச் சரிசெய்தார், பால் குழாயின் ஒழுகலை நிறுத்தினார், பிக்கிள்ஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருகிற மாதிரி ஆக்கினார். ஜூன் கடைசியில் ஆர்டிஸின் பேத்திக்கு ஞானஸ்நானம் வந்தது. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக ஆர்டிஸும் லோரனும் சேர்ந்து பண்ணையை விட்டுக் கிளம்பினார்கள். இரண்டு ராத்திரி. மாடுகளை ருடெலிடமும், அப்போது தங்கியிருந்த வேறு இரண்டு பேரிடமும் விட்டுவிட்டுப் போனார்கள். எதற்கும் ஒரு கண் வைத்துக்கொள்ளும்படி அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் சோளத்துக்கும் அவர்களுடைய பெரிய மேய்ச்சலுக்கும் நடுவில் இருந்த வேலிதான் பண்ணையிலேயே முக்கியமானது. மாடு தாண்டி வந்து எங்கள் மருந்தடித்த சோளத்தைத் தின்றுவிட்டால் அதன் பாலை இயற்கைப் பால் என்று விற்க முடியாது. அந்த வேலிக்கால்கள் அடியில் மக்கிப்போயிருந்தன. அவர்கள் கிளம்பிய அன்று காலையிலேயே பிக்கிள்ஸ் ஒரு வேலிக்காலைச் சாய்த்துவிட்டு, தலையை மட்டும் எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது.

ருடெல் அப்பாவிடம் வந்தார். "க்ளென், உங்க டிரக் கொஞ்சம் கிடைக்குமா? அவங்க திரும்பி வர்றதுக்குள்ள இந்த வேலியைப் புதுசாப் போட்டுட்டா என்ன?"

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கிண்டல் செய்தே பழகிய மனிதர். உதவி செய்ய ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததும் என்னைவிட வேகமாக டிரக்கில் ஏறினார். மரக்கடைக்குப் போனோம். மக்காமல் இருக்க மருந்தில் ஊறவைத்த, லேசாகப் பச்சை படர்ந்த வேலிக்கால்கள் இருபத்தாறு. எங்கள் நிலம் முழுக்க நாங்கள் போட்டிருப்பதும் அதுதான். ருடெல் தன் கையிலிருந்து பணம் கொடுத்தார். நான் கயிறு பிடித்தேன். அப்பா டிராக்டரில் குழி பறித்தார். ஞாயிறு மதியம், ஒரு முனையில் நின்று பார்த்தால் இருபத்தாறும் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்து ஒரே கால்தான் தெரிந்தது. அந்த மண்ணில் மருந்து படக்கூடாது என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். மரத்துக்குள் இருப்பதும் மருந்துதான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாலு மணிக்கு ஆர்டிஸின் கார் வந்தது. கார் நிற்பதற்குள் ருடெல் ஓடினார்.

"மிஸ் ஆர்டிஸ், கண்ணை மூடிக்கிட்டு வாங்க. மேடு பள்ளம் பாத்து, நான் சொல்றேன்."

ஆர்டிஸ் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். திறந்தார். வேலியை முழுக்கப் பார்த்தார். முதல் காலுக்குப் பக்கத்தில் போய் அதை நகத்தால் சுரண்டினார். நகத்தில் வந்ததைப் பார்த்தார். லோரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரா நட்டிருக்கீங்க" என்றார் ஆர்டிஸ். பிறகு, "மாடுங்களைக் கீழ் மேய்ச்சலுக்கு ஓட்டிட்டு எல்லாரும் வாங்க. க்ளென், நீயும்தான். சாப்பிட்டுக்கிட்டே பேசணும்."

மேசையில் ஞானஸ்நான வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியும் பன்றி இறைச்சியும் இருந்தன. எல்லோரும் தட்டில் போட்டுக்கொள்ளும்வரை ஆர்டிஸ் காத்திருந்தார். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அந்தக் காலுங்களைப் பிடுங்கியாகணும் ருடெல். மரத்துல ஊறின மருந்து மண்ணுல இறங்கும். இயற்கைச் சான்று இருக்கிற நிலத்துல புதுசா அந்த மரத்தை ஊனக்கூடாதுன்னு விதி. இன்னும் பத்து நாள்ல ஆய்வாளர் வர்றாங்க."

ருடெல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "சான்று போயிடுமா?"

"போகலாம். எனக்குத் தெரியல." என்றார் ஆர்டிஸ். "தப்பு என்னோடது. மாட்டுக்கு எது கொடுக்கணும், எது கொடுக்கக்கூடாதுன்னு உங்களுக்கு நூறு தடவை சொன்னேன். மரத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. சும்மா உக்காந்திருக்கறவங்களால எனக்கு ஒருநாளும் தொல்லை வந்ததில்ல. நல்லது செய்ய நினைக்கிறவங்களுக்குத்தான் எல்லாத்தையும் சொல்லி வைக்கணும்."

அப்பா தொண்டையைச் செருமினார். "இதுல என்ன இருக்கு? நாளைக்கே பிடுங்கிடுவோம். குழியை மூடிட்டு மேல புல் விதை போட்டுட்டா, பத்து நாள்ல யாருக்குத் தெரியப்போகுது?"

"அந்தப் பொய்யை எத்தனை பேர் சொல்லணும், க்ளென்?"

"நாம இத்தனை பேர்தான்."

"இங்க மாசத்துக்கு ஒரு ஆள் புதுசா வர்றாங்க. ஒவ்வொருத்தருக்கும் முதல் நாளே சுத்திக் காட்டணும். இது பால் அறை, இது கரண்ட் கம்பி, இது நம்ம பொய், பத்திரமாப் பாத்துக்கோங்கன்னு. என்னால முடியாதுப்பா. எனக்கு மாட்டையே சொல்லிக் கொடுத்து மாளல."

லோரன் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. "அப்போ நீ சான்றைவிட இவங்களைத்தான் பெருசா நினைக்கிறே" என்றார். ஆர்டிஸ் ரொட்டிக் கூடையை ருடெல் பக்கம் தள்ளினார். அவர் எடுக்கவில்லை.

திங்கள் காலை எட்டு மணிக்கு ஆர்டிஸ் சான்று அலுவலகத்துக்குப் போன் செய்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். மாடுகளை அங்கே விட வேண்டாம், ஆய்வாளர் வந்து பார்த்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள். போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது ருடெல் கருவிப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். பால் வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போன நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"கிளம்பறீங்களா?"

"நான் இருக்கிறது உங்களுக்குக் கெடுதல், மிஸ் ஆர்டிஸ்."

"போறதுன்னா போங்க, உங்க இஷ்டம். ஆனா ரெண்டு விஷயம். பிக்கிள்ஸை நான் கூப்பிட்டா இப்பல்லாம் வர்றதில்ல. அப்புறம், நாலடி ஆழத்துல நட்டிருக்கீங்க. அதைப் பிடுங்க உங்களை விட்டா வேற யாரு இருக்கா?"

ருடெல் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு அதை இறக்கி வைத்தார்.

வேலைக் கணக்கு இதுதான். பெரிய மேய்ச்சல் இல்லாவிட்டால் மாடுகளுக்குப் புல் போதாது. வருடத்தில் நூற்றிருபது நாளாவது மாடு மேய்ந்தாக வேண்டும் என்பதும் சான்றின் விதி. மெல்லிய கம்பியைத் தற்காலிகமாகக் கட்டினால் பிக்கிள்ஸ் அதை ஒரு பொருட்டாக மதிக்காது. ஆகவே பழைய இடத்திலிருந்து பன்னிரண்டடி உள்ளே தள்ளி, மருந்து ஏறாத மரத்தில் புது வேலி போட வேண்டும். அதற்கு ஒரே மரம், மேட்டில் தானாக வளர்ந்து கிடக்கும் லோகஸ்ட். உடம்பெல்லாம் முள், சங்கிலி ரம்பமே திணறும். ஆனால் மண்ணுக்குள் ஐம்பது வருடம் மக்காமல் நிற்கும்.

முதல் நாள் எட்டு மரம் சாய்த்தோம். முள் குத்தாத கை இல்லை. பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது.

அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "பத்தே நாள்தான் இருக்கு, இவ மணி அடிக்கிறா! ஆர்டிஸ், அந்த மூணு பேரும் சாயங்காலம் வரைக்கும் நின்னா என்ன குறைஞ்சுபோயிடும்? அதுவும் இந்த ஆளு..."

"அரை நாள்னு சொல்லித்தான் கூப்பிட்டேன். என் வீட்டுக் கஷ்டத்துக்காக அது முக்கால் நாளா ஆகாது. தப்புச் செஞ்சவருக்கும் அரை நாள்தான்." அவர் கையுறையை மாட்டிக்கொண்டார். "நான் இருக்கேன், லோரன் இருக்கார். நீ இருக்கறதுன்னா இரு, இல்லன்னா போய்ப் படு."

இடுப்பு சரியில்லாத லோரன் ஒரு முக்காலியில் உட்கார்ந்து மரப்பட்டையை உரித்தார். ஆர்டிஸ் கட்டைகளை இழுத்தார். அறுபத்து மூன்று வயதில் அவர் இழுப்பதைப் பார்த்துக்கொண்டு அப்பாவும் போகவில்லை. அரை மணி நேரம் கழித்து ருடெல் சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு கடப்பாரையை எடுத்தார்.

"ருடெல், மணி அடிச்சாச்சு."

"கேட்டுச்சு, மிஸ் ஆர்டிஸ். மதியம் என் நேரம்னு நீங்கதானே சொன்னீங்க? என் நேரத்துல நான் மீன் பிடிக்கலாம், தூங்கலாம், கிட்டார் வாசிக்கலாம்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"எனக்கு மீன் பிடிக்காது." அவர் கடப்பாரையை மண்ணில் இறக்கினார்.

தன் விதியே தன்னை மடக்கும் என்று ஆர்டிஸ் எதிர்பார்க்கவில்லை. மற்ற இரண்டு பேரும் மறுநாளிலிருந்து தங்களுக்கும் மீன் பிடிக்காது என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணிக்கு ஆர்டிஸ் மணி அடித்தார். ஒருநாளும் தவறவில்லை. நிற்கிறவர் தன் விருப்பத்தில் நிற்க வேண்டும் என்பதில் அவர் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் புது வேலி எழுந்தது. லோகஸ்ட் மரம் எதுவும் நேராக வளர்வதில்லை. வேலி குடிகாரர் வரிசை மாதிரி நின்றது. பிக்கிள்ஸ் வந்து ஒரு காலை நெற்றியால் முட்டிப் பார்த்தது. கால் அசையவில்லை. மறுபடி முட்டியது. பிறகு அவமானப்பட்டதுபோல் திரும்பிப் போய் புல் தின்றது. அப்பாவும் ருடெலும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் ஆய்வாளர் வந்தார். கையில் அட்டையும் பேனாவுமாக, அதிகம் பேசாத ஒரு பெண். வழக்கமாகப் பால் அறையில்தான் ஆய்வு ஆரம்பிக்கும். ஆர்டிஸ் அவரை நேராகப் பழைய வேலி இருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருபத்தாறு குழியும் மூடாமல் அப்படியே இருந்தன. பிடுங்கிய கால்களை எங்கள் பக்கத்துச் சரளைப் பாதையில் அடுக்கியிருந்தோம்.

"இதை யார் நட்டது?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"என் பண்ணையில நட்டது. நான்தான் பொறுப்பு" என்றார் ஆர்டிஸ்.

"நான் நட்டேன், மேடம்" என்றார் ருடெல் பின்னாலிருந்து.

"டிரக் என்னோடது" என்றார் அப்பா. அவர் ஏன் வந்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்று அவருக்குச் சோளத்தில் வேலை இருந்தது.

ஆய்வாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். குழிகளை எண்ணினார், மண் எடுத்தார், புது வேலியின் தூரத்தை அளந்தார். முடிவை அலுவலகம் சொல்லும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் பால் லாரி வரும் நாளெல்லாம் ஆர்டிஸ் அடுப்படி ஜன்னலில் நிற்பதைப் பார்த்தேன். ஓட்டுநர் வழக்கம்போல் கையசைத்துவிட்டுப் போவார். அவர் போன பிறகுதான் ஆர்டிஸ் காப்பியைக் குடிப்பார்.

கடிதம் ஒரு வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன் வந்தது. ஆர்டிஸ் அதைத் தனியாகப் படிக்கவில்லை. மணி அடித்து எல்லோரையும் மேசைக்குக் கூப்பிட்டு, எங்களையும் கூப்பிட்டு, சத்தமாகப் படித்தார். விதிமீறல் நடந்தது என்று பதிவாகியிருந்தது. இரண்டு வேலிக்கும் நடுவிலிருந்த பன்னிரண்டடித் துண்டு மூன்று வருடத்துக்கு மேய்ச்சலுக்கு ஆகாது. மற்ற நிலத்துக்கும் மாடுகளுக்கும் சான்று தொடரும்.

ருடெல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். லோரன், "அப்போ சாப்பிடலாமா?" என்றார்.

அன்று முதல் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் ஆர்டிஸ் முதல் நாளே இந்தக் கதையைச் சொல்கிறார். தான் சொல்லாமல் விட்ட தப்பிலிருந்து ஆரம்பிப்பார். 'ஒருத்தர்' என்றுதான் சொல்வார், ருடெலின் பெயரைச் சொல்லமாட்டார். அக்டோபர் வரை தங்கியிருந்த ருடெல் ஒருநாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நடுவில் புகுந்தார்.

"பேரைச் சொல்லுங்க, மிஸ் ஆர்டிஸ். பேர் இல்லாத ஆளுன்னா, தப்புப் பண்ணிட்டு ஓடிட்டான்னுதான் நினைப்பாங்க. நான் ஓடல. நீங்களும் விரட்டல. ரெண்டும் சேர்ந்தாத்தான் கதை."

அதனால்தான் நான் எல்லோரையும் பெயரோடு எழுதியிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இன்னொருவருக்குச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவர்களை வீட்டில் வைத்துச் சோறு போடுகிற ஒருவருக்குச் சொல்லுங்கள். நல்லது செய்யப்போய்க் கெடுத்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டிருக்கிற ஒருவரைத் தெரிந்தால், அவருக்கு முதலில் சொல்லுங்கள். சொல்லும்போது ஆர்டிஸ் நிகார்ட், ருடெல் ஹாஸ்கின்ஸ் என்ற இரண்டு பெயரையும் விட்டுவிடாதீர்கள்.